தங்கத்துல துரு

உங்க தங்கத்த நான் தொட்டுப் பாத்திருக்கேன் சார்.

பதறாதீங்க. உங்க போன எட்டிப் பாத்தது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு கண்ண எங்க வெச்சுக்கறது? திண்டிவனத்துலேர்ந்து வெளிய பாத்துட்டுத்தான் வர்றேன். ஜல்லி லாரி, புரோட்டாக் கடை, மறுபடி ஜல்லி லாரி. நீங்க இதோட மூணாவது தடவையா அந்தக் கோல்டு ஃபண்டத் தொறந்து பாக்கறீங்க. ஏறியிருக்கா? அரை பர்சென்ட்டா? சந்தோஷம். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி பாத்ததுக்கும் இப்பப் பாத்ததுக்கும் நடுவுல கட்டி ஒண்ணும் குட்டி போட்டிருக்காது. நிம்மதியா சாஞ்சுக்கோங்க.

நான் தணிகாசலம். வால்ட் கஸ்டோடியன். தமிழ்ல சொல்லணும்னா தங்கத்துக்குக் காவல் இருக்கறவன். வாட்ச்மேன் இல்ல சார், அது வேற. வாட்ச்மேன் வெளிய நிப்பான், துப்பாக்கி வெச்சிருப்பான். நான் உள்ள, சாவி வெச்சிருப்பேன். வெச்சிருந்தேன். திங்கக்கெழமலேர்ந்து மறுபடி வெச்சிருப்பேன். அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பறேன்.

நீங்க போன்ல பட்டனத் தட்டி தங்கம் வாங்கறீங்க இல்ல, அந்த ஃபண்டுக்காரன் சும்மா கணக்குல எழுதிட்டுப் போக முடியாது. அதுக்கு ஈடா நெசத் தங்கம் வாங்கி எங்கயாவது வெச்சாகணும், அது சட்டம். அந்த "எங்கயாவது"தான் எங்க எடம். மெட்ராஸ் ஏர்போர்ட் பக்கம். பேர் சொல்ல மாட்டேன். போர்டும் கெடையாது. பக்கத்துல பிரியாணிக் கடை வெச்சிருக்கற பாய் இன்னிக்கு வரைக்கும் நாங்க டைல்ஸ் குடோன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. நாலாயிரம் கட்டி சார். ஒவ்வொண்ணும் ஒரு கிலோ. வாங்கினவங்க ஒருத்தர்கூட அத நேர்ல பாத்ததில்ல.

வியாபாரம் எப்பிடி நடக்கும்னு நெனைக்கறீங்க? பம்பாய்ல ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு நூறு கட்டி வித்துடும். எங்களுக்கு ஒரு மெயில் வரும். நானும் ரெஜினாவும் தள்ளுவண்டியில வெச்சு நாலாம் நம்பர் ரேக்குலேர்ந்து ஏழாம் நம்பர் ரேக்குக்குத் தள்ளுவோம். பதினாறு அடி. கோடிக்கணக்குல வியாபாரம், மொத்தப் பிரயாணம் பதினாறு அடி. சாயங்காலம் இன்னொரு மெயில் வரும், வெல கொறஞ்சிடுச்சு, திருப்பி வித்துட்டோம்னு. மறுபடி தள்ளுவோம். முட்டி தேஞ்சது எங்களுக்குத்தான்.

ரெஜினாங்கறது என் ஜூனியர். முப்பத்தோரு வயசு, பி.காம். ஊரு இந்தத் திண்டிவனம்தான். வால்ட்டுக்கு ரெண்டு சாவி. என்கிட்ட ஒண்ணு, அவங்ககிட்ட ஒண்ணு. ரெண்டும் போட்டாத்தான் கதவு தொறக்கும், ரெண்டு பேரும் உள்ள இருந்தாத்தான் கட்டியத் தொடலாம். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். ரெஜிஸ்டர எழுதறது ஜூனியர் வேல, கீழ கையெழுத்துப் போடறது சீனியர் வேல. நல்ல ஏற்பாடு. யாரும் தனியா தப்பு பண்ண முடியாது.

ரூல்ஸ்னா எனக்கு உசிரு சார். பாக்கெட் இல்லாத சட்ட, பாக்கெட் இல்லாத பேன்ட்டு. மோதிரம் கூடாது, பெல்ட்டு கூடாது, அரணாக்கயிறுல வெள்ளித் தாயத்து இருந்தா அதையும் கழட்டணும். ஒரு தடவ கூட்டிப் பெருக்கற அம்மா தாலிச் சரட்டுல ஊக்கு மாட்டிக்கிட்டு உள்ள வந்துட்டாங்க. ஒரு ஊக்குதானேன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் விடல. எழுதிக் குடுத்துட்டேன். அவங்கள மறைமலை நகர் குடோனுக்கு மாத்திட்டாங்க. பாவம்தான், வீடு பம்மல்ல. ஆனா ரூல்னா ரூல்.

கட்டி எப்பிடிச் செய்யறாங்கன்னு பாத்திருக்கீங்களா? என்னைய ட்ரெய்னிங்குக்கு வடக்க ஒரு ஆலைக்கு அனுப்பினாங்க. தங்கத்த அரிசிக் குருணை மாதிரி ஆக்கி வெச்சிருப்பாங்க. அத மில்லி சுத்தமா எடை போட்டு அச்சுல கொட்டி உலைக்குள்ள அனுப்பினா, உருகி, ஆறி, கட்டியா வெளிய வரும். அப்புறம் ஆலை முத்திர, சுத்தம் எவ்வளவு, நம்பர் எல்லாம் புள்ளி புள்ளியா குத்துவாங்க. அந்தப் புள்ளிய ஞாபகம் வெச்சுக்கோங்க, அதாலதான் நான் அழிஞ்சேன். அங்க வேல பாக்கறவன் வெளிய போகும்போது செருப்பத் தட்டிட்டுப் போகணும். கைய அலம்பின தண்ணிய வடிகட்டுவாங்க. கிழிஞ்ச கையுறைய எரிச்சு அந்தச் சாம்பல்லேர்ந்து தங்கம் எடுப்பாங்க. மனுசன் எரிஞ்சாகூட அவ்வளவு அக்கறையா சாம்பல் பொறுக்க மாட்டாங்க சார்.

சரி, என் கதைக்கு வர்றேன். போன ஆயுதபூஜ.

எங்க எடத்துல வருஷா வருஷம் பூஜ உண்டு. தீ கூடாது, புகை கூடாது, அதனால பேட்டரி விளக்கு, பத்த வெக்காத ஊதுபத்தி. சாமி புரிஞ்சுக்கும்னு வெச்சுக்கோங்க. வெளிக் கதவுக்குச் சந்தனம் குங்குமம், தராசுக்குப் பொட்டு, தள்ளுவண்டிக்கு மாலை, ஸ்கேனருக்குக்கூட ஒரு பொட்டு. வாசல்ல செக்யூரிட்டி பூசணிக்கா ஒடைப்பான். பொரி, கடலை, ஆப்பிள். அவ்வளவுதான். வால்ட்டுக்குள்ள எதுவும் போகாது.

அந்த வருஷம் எனக்கு ஒரு யோசன வந்துச்சு. தள்ளுவண்டிக்குப் பொட்டு இருக்கு, பூட்டுக்குப் பொட்டு இருக்கு. இத்தன பேருக்கும் சோறு போடறது எது? அந்தத் தங்கம். அதுக்கு ஒரு பொட்டு இல்லையா? இருபத்திரெண்டு வருஷமா மகாலட்சுமிய வெறும் நெத்தியோட நிறுத்தி வெச்சிருக்கோமேன்னு மனசு கேக்கல. சந்தனக் கிண்ணம், குங்குமக் கிண்ணம் ரெண்டையும் எடுத்துட்டு ரெஜினாவக் கூப்புட்டு உள்ள போயிட்டேன். ஒண்ணாம் ரேக்குல மொதக் கட்டி. அதுக்கு மூணு பொட்டு வெச்சேன்.

"சார், உள்ள வேணாம் சார், எடை ஏறிடும்"னாங்க ரெஜினா.

"ஏம்மா, மகாலட்சுமிக்கு எடை ஏறினா நல்லதுதானே?"ன்னேன்.

சிரிக்கல. சரி, சர்ச்சுக்குப் போறவங்க, நம்ம பூஜ புடிக்கல போலன்னு நெனச்சேன். அந்தப் பொரி, கடலை, மாலை எல்லாம் பல்லாவரம் மார்க்கெட்டுக்குப் போயி வாங்கிட்டு வந்ததே அவங்கதான். அது வேற விஷயம். ரெஜிஸ்டர்ல என்ன எழுதட்டும்னு கேட்டாங்க. "வழக்கமான ஆய்வு"ன்னு எழுதுங்கன்னேன். எழுதினாங்க. நான் கீழ கையெழுத்துப் போட்டேன். மூணாம் நாள் துணி வெச்சு நல்லாத் தொடைச்சுட்டேன். பளபளன்னுதான் இருந்துச்சு. அந்தப் புள்ளிக்குள்ள பூந்துக்கிட்டது என் கண்ணுக்குத் தெரியல. கண்ணாடி போடாம போனது என் தப்பு. அது ஒண்ணுதான் என் தப்பு.

பிப்ரவரியில ஆடிட்டர் வந்தான். சிராக்னு ஒரு குஜராத்திப் பையன், பம்பாய்லேர்ந்து. கம்ப்யூட்டர் நாலாயிரத்துல அறுபது கட்டியப் பொறுக்கிக் குடுக்கும், அத இவன் எடை போட்டுப் பாப்பான். அறுபதுல பதினோராவதா எது வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கட்டி சும்மா இருக்கு சார், அதுக்கு அதான் வேணும்.

எடை போட்டான். சர்ட்டிபிகேட்ல இருக்கறத விட எழுபது மில்லி கூட. மில்லின்னா தெரியும்ல, ஆயிரம் மில்லி ஒரு கிராம். மறுபடி போட்டான். எழுபது மில்லி கூட. கொறஞ்சா திருட்டு, அவங்களுக்குப் புரியும். கூடினா? நாங்க என்ன வீட்லேர்ந்து தங்கம் கொண்டாந்து சேத்தா வெச்சோம்? டார்ச்ச எடுத்து நம்பர் மேல அடிச்சான். புள்ளிக்குள்ள செவப்பா, பழுப்பா ஏதோ இருக்கு. மொகம் வெளுத்துப் போச்சு.

"ரஸ்ட்"னான். துருவாம்!

தங்கம் துருப் புடிக்காது சார். சின்னப் புள்ளைக்குத் தெரியும். அப்ப துருப் புடிச்சா அது தங்கம் இல்ல. அது தங்கம் இல்லன்னா மத்த மூவாயிரத்துச் சொச்சம்? பையன் அங்கயே நின்னு பம்பாய்க்கு போட்டோ அனுப்பினான். பம்பாய்ல ஆறு பேரு லைன்ல வந்தாங்க. உள்ள இரும்பு வெச்சு மேல முலாம் பூசியிருக்காங்களான்னு ஒருத்தன். ஆலையில ஏமாத்திட்டாங்களான்னு ஒருத்தன். ஈரக்காத்து காரணமா இருக்குமான்னு ஒரு அறிவாளி. மெத்தப் படிச்சவங்க ஆறு பேரு, ஒருத்தனுக்கும் குங்குமம்னு தோணல. வீட்ல பொம்பளைங்க மொகத்த நிமுந்து பாத்தாத்தானே தோணும்!

நீங்க ஏன் அப்பிடிப் பாக்கறீங்கன்னு தெரியுது. அப்பவே சொல்லியிருக்கலாமேன்னு. சொல்லியிருப்பேன் சார். அவன் தமிழ்ல கேக்கலையே.

சரி, பயம்தான். உங்ககிட்ட என்ன மறைக்கறது. ஊக்குக்கு எழுதிக் குடுத்தவன் நானு, குங்குமத்துக்கு எனக்கு என்ன எழுதுவாங்கன்னு தெரியாதா?

மணி ஒண்ணாச்சு. உலகமே இடிஞ்சு விழுந்தாலும் எங்க எடத்துல ஒரு மணிக்குச் சாப்பாடு வந்துடும். மேனேஜர் அந்தப் பையன மாடிக்குச் சாப்பிடக் கூட்டிட்டுப் போனாரு. நான் சமையக்கட்டுலேர்ந்து பாத்திரம் தேய்க்கற பவுடரும் பச்சை நாரும் எடுத்தேன். ஒரு பாட்டில் தண்ணி. ரெஜினா, சாவியக் கொண்டாங்கன்னேன்.

"சார், சொல்லிடுவோம் சார். குங்குமம்னு சொன்னா சிரிச்சிட்டுப் போயிடுவாங்க"ன்னாங்க.

"நீங்க சாவியப் போடுங்க. யோசனைய நான் பாத்துக்கறேன்"னேன்.

தேய்ச்சேன் சார். எங்க வீட்ல ஒரு டம்ளர் தேய்ச்சதில்ல நான், அன்னிக்கு அந்த மாதிரித் தேய்ச்சேன். ஒரு பொட்டு செவப்பு இல்லாம போயிடுச்சு. தொடைச்சு, தராசுல வெச்சுப் பாத்தேன். நாப்பது மில்லி கொறைவு. சுத்தத் தங்கம் அவ்வளவு மெத்துன்னு இருக்கும்னு யாருக்குத் தெரியும்? ட்ரெய்னிங்குல சொன்னாங்கதான். அன்னிக்கு மதியம் ஞாபகம் வரல.

பையன் சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு வந்து பாக்கறான், துருவக் காணோம். எடை போடறான், நூத்திப் பத்து மில்லியக் காணோம். போட்டோவப் பாக்கறான், கட்டியப் பாக்கறான். ஒரு சாப்பாட்டு நேரத்துல நோயும் போயி உடம்பும் எளச்சிருக்கு. அப்பிடியே சேர்ல உக்காந்துட்டான்.

கேமரா இல்லையான்னு கேப்பீங்க. இருக்கே, பதினெட்டு கேமரா. ஆயுதபூஜ படம் அழிஞ்சு போச்சு, தொண்ணூறு நாளைக்குத்தான் வெச்சிருப்பாங்க. பிப்ரவரிப் படம் இருக்கு. அதுல நாங்க ரெண்டு பேரும் ரேக்குப் பக்கத்துல நிக்கறோம், முதுகு தெரியுது. யாரு தேய்ச்சா, யாரு பாத்துட்டு நின்னா, ஒண்ணும் தெரியல. அப்புறம் அந்த நார் இருக்கே, சமையக்கட்டு நாரு, அதுல நாப்பது மில்லி ஃபண்டோட தங்கம் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு சொல்லி, ஒரு கவர்ல போட்டு, சீல் வெச்சு, பார்கோடு ஒட்டி வால்ட்டுக்குள்ள வெச்சுட்டாங்க. இன்னிக்கும் இருக்கு. பன்னெண்டு ரூவா நாரு, மூணு லாரி கான்கிரீட்டுக்கு நடுவுல, ஏசியில. உங்க சொத்துல அதுவும் சேத்தி, எழுதி வெச்சுக்கோங்க.

கட்டிய ஆலைக்கு அனுப்பி, ஓட்ட போட்டுப் பாத்தாங்க. சுத்தத் தங்கம். அப்பிடியும் திருப்பி வெச்சுக்க மாட்டாங்களாம். சந்தேகம் வந்த கட்டிய உருக்கித்தான் ஆகணும். உருக்கி, புதுசா ஊத்தி, புது நம்பர் குத்தி அனுப்பினாங்க. இப்ப அதுக்கு ஒரு கறையும் கெடையாது, நேத்துப் பொறந்த மாதிரி. மனுசங்களுக்குத்தான் அந்த வசதி இல்ல.

விசாரண வெச்சாங்க. மொதல்ல ரெஜினாவக் கூப்புட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு விவரம் போதாது சார். எல்லாத்தையும் சொல்லிடுச்சு. பொட்டு, பூஜ, பவுடர், நாரு, ஒண்ணு விடல. சாவி போட்டது என் தப்பு, தப்பா எழுதினது என் தப்புன்னு தன்னோடதையும் சேத்துச் சொல்லியிருக்கு. அடுத்து என்னக் கூப்புட்டாங்க. "தங்கத்துக்குப் பொட்டு வெச்சீங்களாமே?"ன்னு கேட்டாங்க. நான் ஒரே வார்த்த சொன்னேன். "ரெஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதுதான் சார்." பொய்யா அது? ரெஜிஸ்டர்ல பொட்டு இல்ல. அத எழுதினது ரெஜினா கை, நான் கீழ கையெழுத்துப் போட்டதோட சரி.

அவங்கள நிறுத்திட்டாங்க. தப்ப ஒத்துக்கிட்டவங்கள நிறுத்தறது சுலபம். நான் ஒண்ணும் ஒத்துக்கல, அதனால என்னைய ஒண்ணும் பண்ண முடியல. சாவிய மட்டும் வாங்கிக்கிட்டு, பழைய ரெஜிஸ்டர் அடுக்கற ரூம்ல போட்டுட்டாங்க. இருபத்திரெண்டு வருஷம் தங்கத்தத் தொட்டவன் சார் நானு, இப்ப கரப்பான் பூச்சி அடிக்கறேன். பாய் கடையில டீ குடிக்கப் போனா, "என்ன சார், டைல்ஸ்லேர்ந்து மாத்திட்டாங்களாமே"ங்கறாரு. இந்த அவமானம் யாருக்குப் புரியும்?

மார்ச்சுல ரெஜினா போன் பண்ணாங்க. மூணு கம்பெனிக்கு இன்டர்வியூ போயி மூணுலயும் இல்லன்னுட்டாங்களாம். வேலைய விட்டு அனுப்பின லெட்டர்ல "நம்பகத்தன்மை இல்ல"ன்னு எழுதியிருக்கு, அத வெச்சுக்கிட்டு எந்த வால்ட்டுல சேப்பாங்க? "சார், ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார், பொட்டு வெச்சது நீங்கன்னு"ன்னாங்க. பாக்கலாம்மான்னேன். பாக்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம், அது யாருக்கும் தெரியும். ஏப்ரல்லயும் பண்ணாங்க. பாக்கலாம்மான்னேன்.

இப்ப போன வாரம் ஹெட் ஆபீஸ்லேர்ந்து எனக்கு ஒரு நல்ல சேதி. அந்தப் பொண்ணு குடுத்த வாக்குமூலத்த அதுவே வாபஸ் வாங்கி எழுதிக் குடுத்துட்டா, என் மேல இருக்கற சந்தேகம் தீந்துடும், சாவியத் திருப்பிக் குடுத்துடலாம்னாங்க. நானே டைப் அடிச்சுட்டேன். "ரெஜினா ஆகிய நான், கட்டியைச் சுத்தம் செய்யும் யோசனை என்னுடையதே என்றும், மூத்த அதிகாரி திரு. தணிகாசலம் அவர்களுக்கு இதில் பங்கில்லை என்றும்…" ரெண்டு பக்கம். நல்லா வந்திருக்கு. கேட்டா கோவம் வருதா உங்களுக்கு? யோசிச்சுப் பாருங்க சார். அவங்களுக்கு ஏற்கெனவே வேல போயிடுச்சு. போன வேல ரெண்டாவது தடவ போகுமா?

இன்னிக்குக் காலையில வந்து பாத்தேன். மயிலம் ரோட்டுல ஒரு எடை மேடை, ஜல்லி லாரி எடை போடறது. அதுல ஜன்னல் ஓரமா உக்காந்து சீட்டுக் குடுக்கறாங்க. மில்லி பாத்த கண்ணு சார், இப்ப டன்னு பாக்குது. நான் சிரிச்சிட்டேன். அவங்களும் சிரிச்சாங்க. "இங்க இருபது கிலோ கூடக் கொறைய இருந்தா யாரும் போன் பண்ண மாட்டாங்க சார்"னாங்க. தலையெல்லாம் ஒரே தூசி.

லெட்டரக் குடுத்தேன். ரெண்டு பக்கத்தையும் நிதானமாப் படிச்சாங்க. கிழிச்சுப் போட்டுடுவாங்கன்னுதான் நெனச்சேன். இல்ல. பேனாவ எடுத்து, நான் நானூறு மில்லின்னு தப்பா அடிச்சிருந்த எடத்துல நாப்பதுன்னு திருத்தி, பக்கத்துல சின்னதா கையெழுத்துப் போட்டாங்க. மத்ததெல்லாம் அப்பிடியே விட்டுட்டாங்க. எடை மட்டும் தப்பா இருக்கக் கூடாதாம்.

கடைசிக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டாங்க. "கம்பெனிக்கு நீங்க எத வேணா குடுத்துக்கோங்க சார். எங்க அப்பாகிட்ட மட்டும் நெசத்தச் சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு."

அப்பா சவரிமுத்து, ரிட்டயர்டு போஸ்ட்மேன். வேலைய விட்டு நிறுத்தின லெட்டரு ரெஜிஸ்டர் தபால்ல வந்துச்சாம். கையெழுத்துப் போட்டு வாங்கினது அவருதான். முப்பத்தஞ்சு வருஷம் ஊருக்கெல்லாம் தபால் குடுத்தவரு, சீல் வெச்ச காகிதம் பொய் சொல்லும்னு அவருக்குத் தோணுமா? ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல காணிக்கைப் பை எடுத்துட்டு வரிசை வரிசையாப் போறவரு அவரு, இருபது வருஷமா. அந்த லெட்டர் வந்த வாரம் பையக் கொண்டுபோயி பங்குச் சாமியார்கிட்டக் குடுத்துட்டு வந்துட்டாராம். "எம் பொண்ணு கை சுத்தமில்ல, நான் எப்பிடிச் சாமி காசத் தொடறது"ன்னு. அதுக்கப்புறம் பொண்ணுகிட்ட முகம் குடுத்துப் பேசலயாம்.

"சொல்லிடறேம்மா, இது ஒரு விஷயமா"ன்னேன். மனசாரத்தான் சொன்னேன் சார். உடனே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. மொதல்ல சொல்லிட்டு வாங்க, அப்புறம் போடறேன்னு சொல்லல. லாரி வரிசையா நின்னுச்சு, அவங்களால வர முடியல. வழி சொல்லி அனுப்பினாங்க. பத்து நிமிஷ நட.

பெரியவரு பனியனோட இருந்தாரு. என்னப் பாத்ததும் உள்ள போயி சட்டயப் போட்டுக்கிட்டு, பட்டன் எல்லாம் போட்டுக்கிட்டு வந்தாரு. சேரத் தொடைச்சுப் போட்டாரு. அவரே காபி கலந்து கொண்டாந்தாரு. "எம் பொண்ணு உங்களுக்குக் கீழதான் வேல பாத்துச்சா?"ன்னாரு. ஆமாங்கன்னேன். "எப்பிடி வேல பாத்துச்சு?"ன்னாரு. நல்லாப் பாத்தாங்கன்னேன். அவரு அப்பிடியே என்னப் பாத்துக்கிட்டே இருந்தாரு. நான் மழையப் பத்திக் கேட்டேன். அடுத்து மெயின் ரோட்ட அகலப்படுத்தறதப் பத்திக் கேட்டேன். எல்லாத்துக்கும் பதில் சொன்னாரு, பாவம்.

அப்புறம் அவரே கேட்டாரு சார். நான் ஆரம்பிக்கணும்னு ஒண்ணுமே இல்ல, அவரே எடுத்துக் குடுத்தாரு. "அது என்னமோ பூஜ, பொட்டுன்னு சொல்லுது சார். நானும் எவ்வளவோ பாத்திருக்கேன். கிலோ கிலோவா இருக்கற தங்கத்துக்குப் போயி யாராவது குங்குமம் வெப்பாங்களா?"

நான் சிரிச்சேன்.

வேணும்னு சிரிக்கல சார். வார்த்த வரல, சிரிப்பு வந்துடுச்சு. நாம வாய் அடைச்சுப் போனா ஒரு சிரிப்பு சிரிப்போமே, அது. அவரு அதப் பாத்துட்டுத் தலைய ஆட்டிக்கிட்டாரு. "அதான். நானும் அதத்தான் சொன்னேன்"னாரு. டம்ளர எடுத்துட்டு உள்ள போனாரு. நான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டேன். லெட்டரு பையில இருக்கு, இதோ, மடங்காம இருக்கணும்னு பிளாஸ்டிக் ஃபைல்ல வெச்சிருக்கேன்.

பாருங்க, பேரு தெரியாத உங்ககிட்ட ஒண்ணு விடாம சொல்லிட்டேன். மேல்மருவத்தூர் தாண்டறதுக்குள்ள முக்கால்வாசி முடிச்சுட்டேன். அங்க நாலு வார்த்த வரல. பெரியவருக்குக் காது மந்தம் வேற. இல்ல, கேட்டுதுதான். நல்லாக் கேக்குது அவருக்கு.

ஒரு நிமிஷம். போன் அடிச்சுது. ரெஜினாதான், மெசேஜ்.

"சொல்லிட்டீங்கல்ல சார்? ரொம்ப நன்றி. டூட்டி முடிஞ்சு வீட்டுக்குக் கெளம்பிட்டேன். அப்பா முகத்தப் பாக்கணும்."

படிச்சேன்னு அவங்களுக்கு நீலக் கோடு போயிருக்கும், இல்ல? ச்சே, தொறந்திருக்கக் கூடாது. நீங்க படிச்சவரு, ஒரு நல்ல பதிலாச் சொல்லுங்க. சுருக்கமா இருக்கட்டும். "பேசினேன்"னு போடலாமா? பேசினேன்தானே, மழையப் பத்தி, ரோட்டப் பத்தி. பொய்யில்லையே.

என்ன சார், எறங்கித் திரும்பிப் போங்கறீங்களா? செங்கல்பட்டுல எறங்கினா எதிர்ப்பக்கம் பஸ் கெடைக்கும், தெரியும். போனா லெட்டரத் திருப்பிக் குடுக்கணும். திங்கக்கெழம சாவி சார். இருபத்திரெண்டு வருஷம். போன்லயாவது அந்தப் பெரியவருகிட்டப் பேசலாம்தான், நம்பர் வாங்கல.

போன மடியில கவுத்து வெச்சுட்டேன் சார்.

பத்து நிமிஷ நடதான். இந்நேரம் செருப்பக் கழட்டிட்டு உள்ள போயிருப்பாங்க.